'எலும்புக்குப் பரவிடுச்சா டாக்டர்?' - புராஸ்டேட் புற்றுநோயில் எந்த ஸ்கேன் எதைச் சொல்லும்?

2025 மே 18, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்க முன்னாள் அதிபர் ஜோ பைடனின் அலுவலகத்திலிருந்து நாலைந்து வரிகளில் ஓர் அறிக்கை வந்தது. சிறுநீர் கழிப்பதில் தொந்தரவு அதிகமானதால் பரிசோதனைக்குப் போனார், புராஸ்டேட்டில் ஒரு கட்டி தெரிந்தது, அது புற்றுநோய், கிளீசன் ஸ்கோர் 9, எலும்புக்குப் பரவியிருக்கிறது. அவ்வளவுதான். அடுத்த ஒரு வாரத்துக்கு உலகம் முழுக்க ஒரே கேள்விதான் ஓடியது. 'ஒரு நாட்டோட அதிபரா இருந்தவருக்கே இவ்வளவு லேட்டாத்தான் தெரியுமா?'

அதற்கு ஏழு மாதங்களுக்கு முன்பு, 2024 அக்டோபரில், ஒலிம்பிக்கில் ஆறு தங்கம் வென்ற பிரிட்டன் சைக்கிள் வீரர் கிறிஸ் ஹோய் தன் நிலைமையை வெளியே சொன்னார். அவர் கதை இன்னும் அதிர்ச்சி. 47 வயதில் தோள்பட்டை வலி. ஜிம்மில் ஏதோ பிடித்துக்கொண்டது என்றுதான் நினைத்தார். ஸ்கேன் எடுத்தால் தோளில் கட்டி. அடுத்த ஸ்கேனில் அதன் பிறப்பிடம் புராஸ்டேட் எனத் தெரிந்தது. இடுப்பு, முதுகெலும்பு, விலா எனப் பல எலும்புகளுக்குப் போய்விட்டிருந்தது. அவர் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும்கூட புராஸ்டேட் புற்றுநோய் இருந்திருக்கிறது.

ரெண்டு பேரின் செய்தியிலும் பொதுவான ஒரு வார்த்தை, 'எலும்பு'. ஆனால் எலும்புக்குப் பரவியிருப்பதை டாக்டர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பைடன் அறிக்கையில் எந்த ஸ்கேன் என்ற விவரம் இல்லை. அந்த விவரம் நிஜத்தில் ரொம்ப முக்கியம். ஏனென்றால், ஒரே மனிதருக்கு ஒரே வாரத்தில் ரெண்டு வெவ்வேறு ஸ்கேன் எடுத்தால், ஒன்று 'பரவல' என்றும் இன்னொன்று 'பரவியிருக்கு' என்றும் சொல்ல வாய்ப்பு உண்டு. அந்த ஒரு வரியைப் பொறுத்து ஆபரேஷனா, ரேடியேஷனா, கீமோவா என எல்லாமே மாறும்.

இதெல்லாம் வயசானவங்க சமாசாரம், நமக்கெதுக்குன்னு ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. அப்பாவையோ தாத்தாவையோ ஸ்கேன் சென்டருக்குக் கூட்டிட்டுப் போறது, ரிப்போர்ட்டை மொபைல்ல டவுன்லோடு பண்றது, அதுல இருக்கிற வார்த்தையை கூகுள் பண்ணிப் பதறுறது எல்லாம் நாமதானே!

ஏன் எலும்பையே தேடிப் போகுது?

புராஸ்டேட், ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் ஒரு சின்னச் சுரப்பி. அங்கே உருவாகும் புற்றுநோய் வெளியே பரவினால், முதலில் போகும் இடங்கள் பக்கத்திலிருக்கும் நிணநீர் முடிச்சுகளும் எலும்புகளும்தான். குறிப்பாக முதுகெலும்பு, இடுப்பெலும்பு, விலா எலும்பு. இடுப்புப் பகுதியின் ரத்தக்குழாய்கள் முதுகெலும்பைச் சுற்றியிருக்கும் ரத்தக்குழாய்களோடு இணைந்திருப்பது ஒரு காரணம். புராஸ்டேட் செல்கள் பிழைத்து வளர எலும்பு மஜ்ஜை வசதியான இடமாக இருப்பது இன்னொரு காரணம்.

இன்னொரு விநோதமும் உண்டு. பல புற்றுநோய்கள் எலும்பை அரித்து ஓட்டையாக்கும். புராஸ்டேட் புற்றுநோய் பெரும்பாலும் அதற்கு நேரெதிர். அந்த இடத்தில் புது எலும்பைத் தாறுமாறாகக் கட்டவைக்கும். பார்க்க கெட்டியாகத் தெரிந்தாலும் அது வலுவில்லாத எலும்பு. இந்தக் குணத்தை வைத்துத்தான் பழைய ஸ்கேன் இத்தனை வருடமாக வேலை செய்துகொண்டிருக்கிறது.

போன் ஸ்கேன்: ரோடு வேலை நடக்கிற இடத்தைக் காட்டும்

'போன் ஸ்கேன்' என்றால் எக்ஸ்ரே மாதிரி எலும்பைப் படம் எடுப்பது என்று நினைத்துக்கொள்கிறோம். அது இல்லை. டெக்னீஷியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளை, எலும்பில் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு மருந்தோடு சேர்த்து ஊசி போடுவார்கள். ரெண்டு முதல் நாலு மணி நேரம் காத்திருந்த பிறகு கேமராவுக்குக் கீழே படுக்கச் சொல்வார்கள். எங்கெல்லாம் எலும்பு மும்முரமாகப் புதுசாகக் கட்டப்படுகிறதோ, அங்கெல்லாம் மருந்து அதிகம் சேர்ந்து கறுப்புப் புள்ளியாகத் தெரியும்.

தெருவில் ஒரு இடத்தில் ரோட்டைத் தோண்டிப் புதுசாகத் தார் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலேயிருந்து பார்த்தால் வேலை நடப்பது தெரியும். எதற்காக என்று தெரியாது. குடிநீர்க் குழாய் உடைந்ததா, கேபிள் போடுகிறார்களா, மழையில் பள்ளமானதா? போன் ஸ்கேனும் அப்படித்தான். புற்றுநோயைச் சரிசெய்ய எலும்பு போராடினாலும் புள்ளி. மூட்டுத் தேய்மானம் இருந்தாலும் புள்ளி. போன வருடம் பைக்கிலிருந்து விழுந்து விலா எலும்பு விரிசல் விட்டிருந்தாலும் புள்ளி. 65 வயதுக்காரருக்கு முதுகிலும் முட்டியிலும் தேய்மானம் இல்லாமலா இருக்கும்?

இதன் இன்னொரு குறை, தாமதம். புற்றுநோய் செல்கள் மஜ்ஜைக்குள் வந்து குடியேறி, எலும்பு அதற்கு எதிர்வினை காட்டத் தொடங்கிய பிறகுதான் புள்ளி தெரியும்.

பிறகு ஏன் இன்னும் இதை எடுக்கிறார்கள்? முதல் காரணம் விலை, சில ஆயிரம் ரூபாயில் முடியும். ரெண்டாவது, டெக்னீஷியம் கிடைக்கிற விதம். மாலிப்டினம்-99 இருக்கும் ஒரு ஜெனரேட்டர் பெட்டி வந்து இறங்கினால், அதிலிருந்து தினமும் டெக்னீஷியத்தைக் கறந்துகொள்ளலாம். ஒரு பெட்டி கிட்டத்தட்ட ஒரு வாரம் வரும். அதனால் பெருநகரங்களைத் தாண்டியும் போன் ஸ்கேன் போய்ச் சேர்ந்திருக்கிறது. இதற்கும் ஒரு பலவீனம் உண்டு. உலகத்துக்கே மாலிப்டினம் கொடுப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய அணு உலைகள்தான். 2009-ல் கனடாவின் சாக் ரிவர் உலை கசிவு காரணமாக ஒரு வருடத்துக்கும் மேல் மூடிக்கிடந்தபோது, பல நாடுகளில் ஸ்கேன்களைத் தள்ளிப்போட வேண்டி வந்தது.

சி.டி., எம்.ஆர்.ஐ: ஒன்று சுவரைப் பார்க்கும், ஒன்று உள்ளே பார்க்கும்

சி.டி ஸ்கேன் எலும்பின் கட்டமைப்பைக் காட்டும். எலும்பு கெட்டியாகியிருக்கிறதா, அரிக்கப்பட்டிருக்கிறதா, உடையும் நிலையில் இருக்கிறதா என்பதற்கு நல்லது. கட்டமைப்பு மாறுவதற்கு முன்பே மஜ்ஜையில் உட்கார்ந்திருக்கும் செல்களை அது பெரும்பாலும் தவறவிடும்.

எம்.ஆர்.ஐ அந்த மஜ்ஜையையே பார்க்கும். கதிர்வீச்சு கிடையாது, ஊசி மருந்து இல்லாமலும் எடுக்கலாம். உடல் முழுக்க எடுக்கும் எம்.ஆர்.ஐ, போன் ஸ்கேனைவிட எலும்புப் பரவலை நன்றாகக் கண்டுபிடிக்கிறது. பிரச்னை என்னவென்றால், முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் அந்தக் குகைக்குள் அசையாமல் படுத்திருக்க வேண்டும். முழு உடல் எம்.ஆர்.ஐ-யை வாசிக்கப் பழகிய ரேடியாலஜிஸ்ட்டும் வேண்டும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

பி.எஸ்.எம்.ஏ பெட்: யூனிஃபார்மை வைத்து ஆளைப் பிடிக்கும்

இப்போது எல்லோரும் பேசுவது இதைப் பற்றித்தான். பெரும்பாலான புராஸ்டேட் புற்றுநோய் செல்களின் மேற்பரப்பில் பி.எஸ்.எம்.ஏ என்ற புரதம் ஏகப்பட்டது இருக்கும். அந்தப் புரதத்தைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் மருந்தோடு காலியம்-68 அல்லது ஃபுளோரின்-18 என்ற கதிரியக்கப் பொருளைச் சேர்த்து ஊசி போட்டு, பெட்-சி.டி மெஷினில் படம் எடுப்பார்கள். ரோடு வேலை நடக்கிறதா என்று பார்க்காமல், நேராகக் கூட்டத்துக்குள் குறிப்பிட்ட யூனிஃபார்ம் போட்ட ஆளைத் தேடுகிற மாதிரி. எலும்பு எதிர்வினை காட்டும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதே படத்தில் நிணநீர் முடிச்சுகளும் தெரிந்துவிடும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. 'பெட் ஸ்கேன்' என்றால் எல்லாம் ஒன்று இல்லை. மற்ற புற்றுநோய்களுக்கு வழக்கமாக எடுக்கும் எஃப்.டி.ஜி பெட், சர்க்கரையை அதிகம் சாப்பிடும் செல்களைக் காட்டும். புராஸ்டேட் புற்றுநோய் செல்கள் பல நேரங்களில் சர்க்கரைக்கு அவ்வளவாக ஆசைப்படுவதில்லை. அதனால் ஆரம்பக் கட்டத்தில் அது அதிகம் உதவாது. நோய் முரட்டுத்தனமாக மாறி, பி.எஸ்.எம்.ஏ யூனிஃபார்மையே கழற்றிப்போட்ட கட்டத்தில்தான் அதற்கு வேலை. 'பெட் எடுங்க' என்று சீட்டு கொடுத்தால் எந்த பெட் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் எஃப்.டி.ஏ, காலியம்-68 பி.எஸ்.எம்.ஏ ஸ்கேனுக்கு 2020 டிசம்பரில்தான் அனுமதி கொடுத்தது. அவ்வளவு புதுசு!

நேருக்கு நேர் மோதவிட்டபோது...

பழசா, புதுசா என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் ஆய்வு, ஆஸ்திரேலியாவில் 10 மருத்துவமனைகளில் நடந்த 'புரோ பி.எஸ்.எம்.ஏ'. மெல்பர்னின் பீட்டர் மெக்கல்லம் புற்றுநோய் மையம் முன்னின்று நடத்தியது. நவம்பர் மாதம் மீசை வளர்க்கிறார்களே 'மூவெம்பர்' என்று, அந்த அமைப்பும் இதற்கு நிதி கொடுத்திருக்கிறது. 2020-ல் லான்செட் இதழில் வெளியானது.

நோய் தீவிரமாகலாம் என்ற நிலையிலிருந்த 302 ஆண்கள். பாதிப் பேருக்கு முதலில் சி.டி-யும் போன் ஸ்கேனும், மீதிப் பேருக்கு முதலில் பி.எஸ்.எம்.ஏ பெட். முடிவு இது.

* துல்லியம்: பி.எஸ்.எம்.ஏ 92%, பழைய முறை 65%.
* பரவியிருப்பவர்கள் 100 பேர் என்றால் அதைக் கண்டுபிடித்தது: பி.எஸ்.எம்.ஏ-யில் 85 பேருக்கு, பழைய முறையில் 38 பேருக்கு.
* பரவாதவர்கள் 100 பேரில் 'பரவல' என்று சரியாகச் சொன்னது: 98 பேருக்கு, 91 பேருக்கு.
* 'ஒண்ணும் உறுதியா சொல்ல முடியல' என்ற ரிப்போர்ட்: 7%, 23%.
* உடலில் ஏறும் கதிர்வீச்சு: 8.4 மில்லிசீவர்ட், 19.2 மில்லிசீவர்ட்.

பார்த்தால் நாக் அவுட் மாதிரி இருக்கு, இல்லையா? இங்கே கொஞ்சம் நிதானிக்கணும். இந்த எண்களில் எலும்பு மட்டும் இல்லை, நிணநீர் முடிச்சும் சேர்ந்தே இருக்கிறது. பழைய முறை ரொம்பவே சொதப்பியது முடிச்சு விஷயத்தில்தான். இடுப்பு முடிச்சுகளில் துல்லியம் 91%-க்கு 59%. எலும்பு உள்ளிட்ட தூரத்துப் பரவலில் 95%-க்கு 74%. அங்கேயும் புதுசுதான் முன்னால் நிற்கிறது. ஆனால் இடைவெளி கொஞ்சம் குறைகிறது.

அதிகம் தெரிஞ்சா, அதிகம் வாழ்வோமா?

இந்த விவாதத்தின் மையமே இதுதான். ஆஸ்திரேலிய ஆய்வு அளந்தது, ஸ்கேன் எவ்வளவு சரியாகப் பார்க்கிறது என்பதை. அந்த ஸ்கேனால் ஆயுள் கூடியதா என்பதை அது அளக்கவில்லை. ரெண்டும் வேற வேற கேள்வி.

ஒரு ஸ்கூல் உதாரணம். 'ஏ' செக்‌ஷனில் மூணு பேர், மார்க் 90, 80, 60. சராசரி சுமார் 77. 'பி' செக்‌ஷனில் மூணு பேர், 50, 40, 30. சராசரி 40. இப்போ 60 வாங்கினவரை 'ஏ'-விலிருந்து 'பி'-க்கு மாத்துறாங்க. 'ஏ' சராசரி 85 ஆகிடும். 'பி' சராசரி 45 ஆகிடும். ரெண்டு கிளாஸும் முன்னேறிடுச்சு! ஆனா, ஒருத்தர்கூட ஒரு மார்க் கூடுதலா வாங்கல.

புது ஸ்கேன் வரும்போது இதுவே நடக்கும். பழைய ஸ்கேனில் 'பரவாதவர்' பட்டியலில் இருந்த ஒருவர், சின்னப் புள்ளி தெரிந்ததால் 'பரவியவர்' பட்டியலுக்குப் போவார். அவர் போனதால் முதல் பட்டியலின் சராசரி ஆயுள் கூடும். ரொம்ப லேசான பரவலோடு அவர் வந்து சேர்ந்ததால் ரெண்டாவது பட்டியலின் சராசரியும் கூடும். 'புது ஸ்கேன் வந்தப்புறம் ரெண்டு ஸ்டேஜ்லயும் மக்கள் அதிக நாள் வாழ்றாங்க' என்று யாராவது சொன்னால், அதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு செக்‌ஷன் மாற்றம் என்று கேட்க வேண்டும். மருத்துவத்தில் இதற்கு 'வில் ராஜர்ஸ் விளைவு' என்றே ஒரு பெயர் இருக்கிறது.

இது வெறும் கணக்கு விளையாட்டு இல்லை. சிகிச்சையிலேயே சிக்கல் இருக்கிறது. எலும்புக்குப் பரவிய நோயாளிகளை 'அதிகப் பரவல்', 'குறைவான பரவல்' என்று டாக்டர்கள் பிரிப்பார்கள். 2015-ல் வெளியான 'சார்ட்டட்' என்ற அமெரிக்க ஆய்வின் கணக்குப்படி, நாலு அல்லது அதற்கு மேற்பட்ட எலும்புப் புள்ளிகள் இருந்து, அதில் ஒன்றாவது முதுகெலும்புக்கும் இடுப்புக்கும் வெளியே இருந்தால் அதிகப் பரவல். ஈரல், நுரையீரல் மாதிரி உள்ளுறுப்புக்குப் போயிருந்தாலும் அதிகப் பரவல். ஹார்மோன் சிகிச்சையோடு கீமோவும் கொடுத்தபோது, இந்த அதிகப் பரவல் குழுவில் பாதிப் பேர் வாழ்ந்த காலம் 32 மாதத்திலிருந்து 49 மாதமாக உயர்ந்தது.

அடுத்து 2018-ல் பிரிட்டனின் 'ஸ்டாம்பீட்' ஆய்வு. குறைவான பரவல் உள்ளவர்களுக்குப் புராஸ்டேட்டிலேயே ரேடியேஷன் கொடுத்தால், மூன்று வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 73%-லிருந்து 81% ஆனார்கள். அதிகப் பரவல் குழுவுக்கு அந்தப் பலன் இல்லை.

இந்த ஆய்வுகளில் புள்ளிகளை எண்ணியது பழைய ஸ்கேன்களை வைத்து. இப்போ, போன் ஸ்கேனில் ரெண்டு புள்ளி மட்டும் தெரியும் ஒருவருக்கு பி.எஸ்.எம்.ஏ-யில் ஆறு புள்ளி தெரிந்தால், அவர் எந்தக் குழு? ரேடியேஷன் குழுவா, கீமோ குழுவா? ரூல் புக்கை ஒரு கண்ணாடி போட்டு எழுதிவிட்டு, மேட்ச்சை இன்னொரு கண்ணாடி போட்டு ஆடுகிற நிலைமை. அதனால்தான், பி.எஸ்.எம்.ஏ பெட்டை வரவேற்கும் ஐரோப்பிய வழிகாட்டுதல்கூட, அதில் மட்டும் தெரிகிற புள்ளிகளை வைத்து சிகிச்சையை மாற்றும்போது கவனமாக இருக்கச் சொல்கிறது.

பளிச்னு தெரியுற எல்லாம் புற்றுநோய் இல்ல

புது ஸ்கேனுக்கும் ஏமாற்றும் குணம் உண்டு. எலும்பு முறிவு, பேஜட் நோய், எலும்புக்குள் இருக்கும் சாதாரண ரத்தக்குழாய்க் கட்டி ஆகியவைகூட பி.எஸ்.எம்.ஏ மருந்தை இழுத்துக்கொள்ளும். முக்கியமாக 'பி.எஸ்.எம்.ஏ-1007' என்ற வகை மருந்தில், விலா எலும்பில் காரணமே இல்லாமல் லேசாக மின்னும் புள்ளிகள் அதிகம் வருவது நன்றாகப் பதிவாகியிருக்கிறது.

விலா எலும்பில் ஒரே ஒரு மங்கலான புள்ளி. சி.டி-யில் அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. பி.எஸ்.ஏ அளவும் ரொம்ப அதிகம் இல்லை. அதை 'எலும்புக்குப் பரவியது' என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? முழுசாகக் குணமாகும் வாய்ப்போடு ஆபரேஷனுக்குத் தயாராக இருந்தவர், ஒரே வரியில் நாலாம் கட்ட நோயாளி ஆகிவிடுவார். குடும்பமே இடிந்து உட்கார்ந்துவிடும். இந்த மாதிரி இடத்தில் எம்.ஆர்.ஐ எடுத்துப் பார்ப்பது, தேவைப்பட்டால் அந்த எலும்பில் பயாப்ஸி செய்வது, சில மாதம் கழித்துத் திரும்பப் பார்ப்பது என வழிகள் இருக்கின்றன. கேட்கிற உரிமையும் நமக்கு இருக்கு.

எதிர்ப்பக்கமும் உண்டு. சில புராஸ்டேட் புற்றுநோய்களில் பி.எஸ்.எம்.ஏ புரதமே குறைவாக இருக்கும். அப்போது ஸ்கேன் 'கிளீன்' என்று வந்தாலும் நோய் இருக்கலாம்.

பழைய போன் ஸ்கேனுக்கும் ஒரு பிரபலமான ஏமாற்று வேலை இருக்கிறது. சிகிச்சை நன்றாக வேலை செய்யும்போது எலும்பு ஆறத் தொடங்கும். ஆறுவது என்றால் என்ன? புது எலும்பு கட்டப்படுவதுதான்! அதனால் சிகிச்சை தொடங்கிய மூன்றாவது மாதம் எடுக்கும் ஸ்கேனில் புள்ளிகள் அதிகமாகத் தெரியலாம். பி.எஸ்.ஏ இறங்குகிறது, வலி குறைகிறது, ஸ்கேன் மட்டும் மோசம் என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். அதனால்தான் ஆய்வுகளில், சிகிச்சை தொடங்கிய பின் எடுக்கும் முதல் ஸ்கேனில் புதுப் புள்ளிகள் வந்தாலும், அடுத்த ஸ்கேனிலும் மேலும் கூடினால்தான் நோய் முற்றியதாக எடுத்துக்கொள்வார்கள். அந்த ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்து மருந்தை நிறுத்திடாதீங்க.

அப்போ யாருக்கு எது?

ஆரம்பக் கட்டம்: பி.எஸ்.ஏ 10-க்குக் கீழே, கிளீசன் ஸ்கோர் 6 என்றிருந்தால், எலும்புக்குப் பரவியிருக்கிறதா எனத் தேட பொதுவாக எந்த ஸ்கேனும் தேவையில்லை. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கம் 2012-லேயே 'இவர்களுக்கு இதை எடுக்காதீர்கள்' என்ற பட்டியலில் போட்டுவிட்டது. எடுத்தால், தேய்மானப் புள்ளியைப் பார்த்துப் பயப்படுவதுதான் மிச்சம்.

தீவிரமாகும் வாய்ப்புள்ள நோய்: பி.எஸ்.ஏ 20-க்கு மேல், அல்லது கிளீசன் 8 முதல் 10. இவர்களுக்கு ஸ்கேன் அவசியம். வசதியும் வாய்ப்பும் இருந்தால் பி.எஸ்.எம்.ஏ பெட் நல்ல தேர்வு. இல்லையென்றால் போன் ஸ்கேனும் சி.டி-யும் இன்றைக்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைதான். உடம்பு முழுக்க நிறைய இடத்தில் பரவியிருந்தால் போன் ஸ்கேனிலேயே தெரிந்துவிடும். அங்கே புது ஸ்கேன் சிகிச்சையை மாற்றப்போவது குறைவு.

ஆபரேஷன் முடிந்து பி.எஸ்.ஏ மறுபடி ஏறினால்: பி.எஸ்.எம்.ஏ-வின் சொந்த மைதானம் இதுதான். பி.எஸ்.ஏ ரொம்பக் குறைவாக இருக்கும்போது போன் ஸ்கேனில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. 635 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், பி.எஸ்.ஏ 0.5-க்குக் கீழே இருக்கும்போதே 38% பேருக்கு நோய் இருக்கும் இடத்தை பி.எஸ்.எம்.ஏ பெட் காட்டியது. 5-ஐத் தாண்டியவர்களில் அது 97%.

லூட்டீஷியம் சிகிச்சைக்கு முன்: இதே பி.எஸ்.எம்.ஏ புரதத்தைத் தேடிப் போய்க் கதிர்வீச்சைக் கொடுக்கும் லூட்டீஷியம்-177 மருந்து வந்துவிட்டது. 831 பேர் பங்கேற்ற 'விஷன்' ஆய்வில், மற்ற வழிகள் பலவும் முடிந்துபோனவர்களின் சராசரி வாழ்நாளை 11.3 மாதத்திலிருந்து 15.3 மாதமாக அது உயர்த்தியது. யூனிஃபார்ம் இல்லாத செல்லை அந்த மருந்தால் பிடிக்க முடியாது. அதனால் அதற்கு முன்பு பி.எஸ்.எம்.ஏ பெட் கட்டாயம்.

யோசிக்க நேரமில்லாத ஒரு சூழ்நிலை

புராஸ்டேட் புற்றுநோய் உள்ள ஒருவருக்குத் திடீரென்று முதுகுவலி கடுமையாகிறது, கால் பலவீனமாகிறது, மரத்துப்போகிறது, நடை தடுமாறுகிறது, சிறுநீர் அடைத்துக்கொள்கிறது அல்லது மலம், சிறுநீர் கட்டுப்பாடு போகிறது என்றால், அது முதுகுத்தண்டு நரம்பு நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். இங்கே பெட்டா, போன் ஸ்கேனா என்ற பேச்சே கிடையாது. அவசரமாக முதுகெலும்பு முழுவதற்கும் எம்.ஆர்.ஐ. அடுத்த வாரம் அப்பாயின்ட்மென்ட் என்று காத்திருக்காமல் அன்றைக்கே எமர்ஜென்சிக்குப் போங்கள். சில மணி நேரத் தாமதம்கூட, அந்த மனிதர் மறுபடி நடப்பாரா மாட்டாரா என்பதைத் தீர்மானித்துவிடும்.

பைடன் விஷயத்துக்கு வருவோம்

பைடன் கடைசியாக பி.எஸ்.ஏ டெஸ்ட் எடுத்தது 2014-ல் என்று அவர் தரப்பு சொன்னது. 70 வயதைத் தாண்டியவர்களுக்கு பி.எஸ்.ஏ பரிசோதனையை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்பது அமெரிக்க அரசு சார்ந்த நிபுணர் குழுவின் 2018 பரிந்துரை. 55 முதல் 69 வரை, டாக்டரோடு பேசித் தனிப்பட்ட முறையில் முடிவெடுக்கலாம் என்கிறது. கிறிஸ் ஹோயோ 47-ல் சிக்கினார். குடும்பத்தில் யாருக்காவது இருந்திருந்தால் 45 வயதிலேயே டெஸ்ட் எடுங்கள் என்று அவர் இப்போது பிரசாரம் செய்கிறார்.

இந்த ரெண்டு பேர் விஷயத்திலும் தாமதமானது ஸ்கேன் மெஷினால் இல்லை. ஸ்கேன் வரைக்கும் போவதற்கு முன்பிருந்த சின்ன ரத்தப் பரிசோதனை பற்றிய பேச்சே நடக்காததால். உலகின் துல்லியமான பெட் ஸ்கேனர்கூட, யாரும் வந்து படுத்தால்தான் படம் எடுக்கும். லான்செட் இதழின் ஆணையம் 2024-ல் கணித்தபடி, 2020-ல் வருடத்துக்கு 14 லட்சமாக இருந்த புதிய புராஸ்டேட் புற்றுநோயாளிகள் 2040-ல் 29 லட்சம் ஆவார்கள். ஆயுள் கூடக்கூட இந்த நோயும் கூடும். அந்த உயர்வில் பெரும்பங்கு வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில்தான் இருக்கும் என்கிறது அந்த ஆணையம். பெட் ஸ்கேனர்கள் பெருநகரங்களிலேயே குவிந்திருக்கும் நம்மைப் போன்ற நாட்டில், போன் ஸ்கேனை 'அவுட்டேட்டட்' என்று தூக்கிப்போட முடியாது. விலையிலேயே பி.எஸ்.எம்.ஏ பெட் பல மடங்கு அதிகம்.

அப்பாவுக்கு ஸ்கேன் எழுதிக் கொடுத்தா...

டாக்டர் ரூமுக்குள் நுழையும் முன் மொபைலில் நோட் பண்ணிக்கொள்ளுங்கள்.

1. 'இந்த ஸ்கேன் ரிசல்ட் எப்படி வந்தாலும் சிகிச்சை மாறுமா டாக்டர்?' ரெண்டு விதமாக வந்தாலும் அதே சிகிச்சைதான் என்றால், அந்தக் காசை மிச்சம் பிடிக்க முடியுமா என்று பேசிப் பார்க்கலாம். இதுதான் முதல் கேள்வி.

2. 'எந்த பெட்? பி.எஸ்.எம்.ஏ-வா, எஃப்.டி.ஜி-யா?'

3. 'ஹார்மோன் ஊசிக்கு முன்னாடி எடுக்கணுமா, பின்னாடியா?' ஹார்மோன் சிகிச்சை பி.எஸ்.எம்.ஏ அளவையே மாற்றும். ஆனால் ஸ்கேன் தேதிக்காக அவசர சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

4. 'ஒரே ஒரு புள்ளிதான் தெரியுதுன்னா, அது புற்றுநோய்தான்னு எப்படி உறுதி பண்றீங்க?'

5. 'அடுத்த தடவையும் இதே ஸ்கேன்தானா?' முதல் தடவை போன் ஸ்கேன், அடுத்த தடவை பி.எஸ்.எம்.ஏ என்று எடுத்து ரெண்டையும் ஒப்பிட்டால், நோய் கூடாமலே கூடின மாதிரி தெரியும்.

ஸ்கேன் அன்றைக்கு லேட்டாகப் போகாதீர்கள். காலியம்-68 ஒவ்வொரு 68 நிமிடத்துக்கும் பாதியாகக் கரைந்துவிடும். உங்களுக்காகத் தயார் செய்த டோஸ் உங்களுக்காகக் காத்திருக்காது. பழைய அடிபட்ட காயம், எலும்பு முறிவு, மூட்டு ஆபரேஷன் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லுங்கள். 'பத்து வருஷம் முன்னாடி மாடிப்படியில விழுந்தாரு' என்ற ஒரு தகவல், ஒரு தவறான ரிப்போர்ட்டைத் தடுக்கலாம். ஸ்கேன் முடிந்ததும் நிறையத் தண்ணீர், அடிக்கடி பாத்ரூம். கர்ப்பிணிகளிடமும் சின்னக் குழந்தைகளிடமும் எத்தனை மணி நேரம் தள்ளியிருக்க வேண்டும் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். காப்பீட்டில் வருமா என்பதை மருத்துவமனையின் இன்ஷூரன்ஸ் கவுன்ட்டரில் ஸ்கேனுக்கு முன்பே விசாரியுங்கள்.

ரிப்போர்ட் பேப்பரோடு நிறுத்தாமல், படங்கள் இருக்கும் சி.டி-யையும் வாங்கி, பழைய பி.எஸ்.ஏ ரிப்போர்ட்டுகளோடு ஒரே ஃபைலில் தேதிவாரியாகப் போட்டுவையுங்கள். அடுத்த டாக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.